நாலு மீட்டரில் தேன்சிட்டு: ஆத்தங்குடிக் கொல்லையில் கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸ்

கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸை இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். 100 மி.மீ.-இலிருந்து 400 மி.மீ. வரை ஜூம் ஆகிற லென்ஸ் இது, எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். அந்த இடம் எங்கள் வீட்டுக் கொல்லை. காட்டுக்கும் சரணாலயத்துக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் காபி குடித்துவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தேன்சிட்டையும் மாங்குயிலையும் எடுக்க நினைக்கிற ஒருவருக்கு இந்த லென்ஸ் சரிவருமா என்பதை மட்டும்தான் நான் சொல்லப்போகிறேன். அதற்குக் கொல்லையை முதலில் சொல்லியாக வேண்டும்.

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. டைல்ஸை நாங்கள் கல் என்றுதான் சொல்வோம். அப்பா ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் கிழக்கே பட்டறைக் கொட்டகை, மேற்கே மதில், நடுவில் பதினைந்து மீட்டர் நீளத்துக்குச் செம்மண் தரை. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, இரண்டு மாதுளை, மதிலோரம் ஒரு வேம்பு, கிணற்றடியில் செம்பருத்தி வரிசை. கொட்டகையை ஒட்டிக் கல் ஊறும் தண்ணீர்த் தொட்டிகள். எங்கள் தொழிலில் சூளை கிடையாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலரை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் சில நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் கல் தயார். அதனால் எங்கள் கொல்லையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் இருக்கும். சித்திரையில் ஊருணி வற்றித் தரை வெடித்துக் கிடக்கும்போதும் இருக்கும். பறவைகள் தேடி வந்தது அந்தத் தண்ணீரைத்தான்.

ஆனால் அது பறவை குடிக்கிற தண்ணீர் இல்லை. சிமெண்ட் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் இறங்கியிருக்கும். நாள் முழுக்க அதில் கை வைத்தால் எங்கள் விரல் நுனியே வெடித்துப்போகும். ஒரு வெயில் மதியத்தில் ஒரு சின்னான், கொண்டைக்குருவி என்பார்களே அதுதான், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரில் அலகை வைப்பதைப் பார்த்து எனக்கு மனசு பதறிவிட்டது. அன்றைக்கே தொட்டிகளை வலை போட்டு மூடினேன். முருங்கைக்குக் கீழே ஒரு அகல மண் தாலத்தில் கிணற்றுத் தண்ணீர் வைத்தேன். ஆழம் இரண்டு விரற்கடைதான், நடுவில் ஒரு உடைந்த கல். அதற்கு மேல் ஆழம் இருந்தால் சின்னப் பறவை இறங்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுகிறோம். இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டுவிடும். கேமரா எல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

முதலில் போனில் எடுத்துப் பார்த்தேன். மாங்குயில் ஒரு மஞ்சள் புள்ளியாக வந்தது. அப்புறம் வேறொரு ஊரில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், ஒரு பழைய 300 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. வெயிலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போயிருந்தது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் தயவுசெய்து ஒரு சின்ன டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

இப்போது இருக்கும் 100-400-ஐயும் பழசாகத்தான் வாங்கினேன், ஒரு கல்யாண போட்டோகிராபர் தம்பியிடம். கூடவே அதை மாட்டுகிற கேனான் ஆர்10 கேமரா பாடியும். இரண்டுக்கும் சேர்த்து நான் கொடுத்தது ஒரு நடுத்தர ஹாலுக்குக் கல் ஊற்றிக் கொடுத்தால் கைக்கு வருகிற தொகை. வீட்டில் கேள்வி வந்தது, நியாயமான கேள்வி. மகள்தான் எனக்காகப் பேசினாள்.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். லென்ஸ் 635 கிராம். ஆர்10 பாடி, பேட்டரி கார்டு எல்லாம் சேர்த்து 429 கிராம். ஆக ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. இது சின்ன விஷயம் இல்லை. பறவை வருகிற நேரத்தை நாம் முடிவு செய்ய முடியாது. கேமராவைக் கண்ணில் வைத்தபடி பத்து நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டிவரும். நண்பர் ஒருவருடைய சிக்மா 150-600 கண்டெம்பரரியை ஒரு வாரம் வைத்திருந்தேன். நல்ல லென்ஸ், தூரத்துக்கு அதுதான். அதன் எடை 1.9 கிலோவுக்கு மேல். ஸ்டாண்டு இல்லாமல் என்னால் முடியவில்லை. ஸ்டாண்டைப் போட்டுவிட்டால் பறவை கிளை மாறும்போது நான் மாற முடியவில்லை. நாள் முழுக்கக் கல் தூக்கிய கை இது. அதற்கு 635 கிராம்தான் தோதாக இருக்கிறது.

அடுத்தது தூரம். கொல்லைக்கு லென்ஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் எத்தனை மி.மீ. என்பது இல்லை, எத்தனை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது. இதே கேனானில் ஆர்எஃப் 800 எஃப்/11 என்று ஒரு லென்ஸ் இருக்கிறது. (எஃப் எண் லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடும் என்பதைச் சொல்வது, எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்.) பறவை என்றாலே அதைச் சொல்வார்கள். ஆனால் அது ஆறு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. அதன் தம்பி 600 எஃப்/11-க்கு நாலரை மீட்டர் வேண்டும். திறந்தவெளிக்காக அமைத்த லென்ஸ்கள் அவை. என் கொட்டகை ஜன்னலிலிருந்து மாதுளைக் கிளை நாலு மீட்டர். தண்ணீர்த் தாலம் மூன்றரை மீட்டர். 100-400-ஓ 400-இல் வைத்திருந்தாலும் ஒரு மீட்டர் சொச்சத்தில் ஃபோகஸ் ஆகிவிடும், 200-இல் வைத்தால் 88 செ.மீ. போதும். சிலந்தியையும் பட்டாம்பூச்சியையும் கூட இதிலேயே எடுக்கிறாள் மகள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்10-இன் சென்சார் 22.3 மி.மீ. அகலம். 400-இல் வைத்து நாலு மீட்டர் தள்ளிப் பார்த்தால் படத்துக்குள் வருகிற அகலம் ஏறத்தாழ 22 செ.மீ., அதாவது ஒரு சாண். தேன்சிட்டு பத்து செ.மீ. ஒரு சாண் சட்டத்துக்குள் பத்து செ.மீ. பறவை என்றால் பாதிப் படம் பறவைதான். அதற்கு மேல் வெட்ட வேண்டியதே இல்லை. மாங்குயில் கிட்டத்தட்ட 25 செ.மீ., அது வந்தால் நான் ஜூமைப் பின்னால் இழுக்க வேண்டும். ஜூம் லென்ஸின் அருமை அப்போதுதான் தெரியும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த நாலு மீட்டரில், எஃப்/8-இல், தெளிவாக நிற்கிற ஆழம் மூன்று செ.மீ. அளவுக்குத்தான். பறவை நம்மைப் பார்த்து உட்கார்ந்தால் கண் தெளிவாக இருக்கும், வால் மங்கிப்போகும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் அலகு முதல் வால் வரை கிடைக்கும். ஆகவே பறவை பக்கவாட்டில் உட்காரும்படி கிளையை வைக்க வேண்டும். காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றைப் பழைய பானையில் மணல் நிரப்பி நட்டு, ஜன்னலுக்குக் குறுக்காக நிற்கிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன். தண்ணீருக்கு இறங்குமுன் பறவை ஒரு நிமிஷம் அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கும். அந்த ஒரு நிமிஷம்தான் நமக்கு.

கிளையை நட்டபோது ஒரு தப்புச் செய்தேன். மதிலுக்கு ஒரு மீட்டர் முன்னால் நட்டேன். எஃப்/8 லென்ஸில் பின்னணி தானாகக் கரையாது. மதிலின் ஒவ்வொரு செங்கல்லும் படத்தில் தெரிந்தது, பறவை சுவரில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருந்தது. பானையைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து, பின்னால் ஏழெட்டு மீட்டர் வெற்றிடம் விட்டேன். அதே லென்ஸ், அதே எஃப்/8, வேப்ப மரம் முழுக்க ஒரே பச்சையாகக் கரைந்துவிட்டது. விலை உயர்ந்த லென்ஸ் செய்கிற வேலையில் பாதியைப் பானையை நகர்த்தியே வாங்கிவிடலாம்.

இனி கலர். என் பிழைப்பே கலர்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாதுளைக்கு வருவது இரண்டு வகைத் தேன்சிட்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வருஷம் முழுக்க வருகிறது. இன்னொன்று ஊதாத் தேன்சிட்டு, நான் சொல்லப்போவது அதைத்தான். ஊதாத் தேன்சிட்டின் ஆண் வந்து உட்கார்ந்தால் முதலில் தெரிவது கறுப்பு. சும்மா கறுப்பு, அடுப்புக் கரி மாதிரி. மாதுளைப் பூவுக்குள் அலகை விட்டபடி தலையைக் கொஞ்சம் சாய்க்கும், கழுத்தில் ஒரு கோடு நீலம் ஓடும். இன்னும் கொஞ்சம் திரும்பும், அந்த நீலம் தோளுக்கு இறங்கும், நெஞ்சில் ஊதா பற்றிக்கொள்ளும். நெற்றியில் பச்சை மாதிரி ஒன்று வந்துபோகும். இறக்கையைத் தூக்கினால் அக்குளில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு சின்னக் குஞ்சம் இருப்பது தெரியும். தலையை நேராக்கியதும் எல்லாம் அணைந்து மறுபடி கரி. இத்தனையும் ஒரு பூவைக் குடித்து முடிப்பதற்குள்.

நாங்கள் கல்லில் ஊற்றுவது ஆக்சைடு கலர். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சிவப்பு சிவப்புதான். தேன்சிட்டின் ஊதா அப்படி ஊற்றின கலர் இல்லை. இறகின் நுண்ணிய இழைகளுக்குள் அடுக்கடுக்காக இருக்கிற அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது உண்டாகிற கலர். சோப்புக் குமிழியில் தெரிகிற கலர் மாதிரி. வெளிச்சமும் நம் கண்ணும் சரியான கோணத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாங்குயிலின் மஞ்சள் வேறு. அது தின்கிற தீனியிலிருந்து இறகில் ஏறுகிற நிறமி, எங்கள் ஆக்சைடு மாதிரி எந்தப் பக்கமும் மஞ்சள்தான்.

அதனால் தேன்சிட்டு கறுப்பாகவே விழுகிறது, லென்ஸ் சரியில்லை என்று யாராவது சொன்னால், சூரியன் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் காலை ஏழேகாலிலிருந்து எட்டரை வரைதான் தேன்சிட்டு எடுக்கிறேன். கொட்டகை கிழக்கே இருப்பதால் வெயில் என் தோளுக்குப் பின்னாலிருந்து போய்ப் பறவை மேல் விழும். ஆர்10 நொடிக்குப் பதினைந்து படம் வரை எடுக்கும். அந்தப் பதினைந்தில் இரண்டில்தான் ஊதா எரிந்துகொண்டிருக்கும். மற்றதை அழித்துவிடுகிறேன். பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடித்துக்கொள்கிறது, இலைக்கு நடுவே இருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. லென்ஸின் மோட்டார் சத்தமே இல்லாமல் திரும்புகிறது. நாலு மீட்டரில் இது ரொம்ப முக்கியம். சத்தம் முழுக்க வேண்டாம் என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அதைப் போடலாம். இறக்கை அடிக்கும்போது போட்டால் இறக்கை வளைந்து விழுகிறது.

மாங்குயிலுக்கு வேறு வைத்தியம். எங்கள் கொல்லைக்கு வருவது கருந்தலை மாங்குயில். பட்டறையில் கலர் ஊற்றுகிற அக்காதான் எப்போதும் முதலில் பார்ப்பார். “அண்ணே, ஒங்க மஞ்சக்குருவி வந்துருச்சு” என்று மெதுவாகக் குரல் கொடுப்பார். வெயிலில் அந்த மஞ்சளைக் கேமரா போடுகிற கணக்குக்கே விட்டால் இறகு இழையெல்லாம் போய் மஞ்சள் பெயிண்ட் அடித்த மாதிரி விழும். தலை கறுப்பு, பின்னால் கரும்பச்சை இலை, இரண்டையும் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து வைத்தால் மஞ்சளுக்குள் இழை இழையாக இறகு தெரியும். கறுப்பைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன மஞ்சளைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. முருங்கைக்குக் கீழே எல்லாமே கொஞ்சம் பச்சை தட்டும். அதற்கு நான் ஒரு வெள்ளைக் கல்லைக் கிளைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்கிறேன். வெள்ளை சிமெண்டில் கலர் எதுவும் சேர்க்காமல் ஊற்றின கல். கடையில் விற்கிற அட்டையை விட அதைத்தான் நான் நம்புகிறேன், அது எப்படி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

லென்ஸின் கலரைப் பற்றிக் கேட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பு சிவப்பாகவே வருகிறது, செம்பருத்தி இதழ் நரம்பு தெரிகிறது, கறுப்பும் வெளுப்பும் சேர்கிற விளிம்பில் ஊதாக் கோடு விழுவதில்லை. குண்டுகரிச்சானை எடுத்தால் அது தெரியும். கறுப்பும் வெள்ளையும்தான் அந்தப் பறவை.

தை மாதம் பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சி, முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். அந்த வீட்டு இரண்டாம் கட்டுக்கு அப்பா ஊற்றிய கல். ஊதாத் தேன்சிட்டு படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“ஏம்ப்பா, இந்த ஊதாவ ஒங்க அப்பா நம்ம தரையில ஊத்தலையே?”

“இது கல்லுல வராது ஆச்சி. வெயில் படுற பக்கம் மட்டுந்தான் இந்தக் கலரு. திரும்புனா கறுப்பு.”

“அப்ப அது வார நேரத்துக்கு என்னையக் கூப்பிடு.”

மறுநாள் ஏழரைக்கு ஜன்னல் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். முக்கால் மணி நேரம் ஆச்சி அசையவில்லை. தேன்சிட்டு வந்தது, ஊதா எரிந்தது, போய்விட்டது. நான் அன்றைக்குப் படம் எடுக்கவில்லை, அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்த லென்ஸின் எல்லை எது என்று சொல்ல வேண்டும். வெளிச்சம். இது 100-இல் எஃப்/5.6, 400-க்கு வரும்போது எஃப்/8. நல்ல வெயிலில் ஒரு பிரச்சினையும் இல்லை. 1/1000 வேகத்துக்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எடுக்க, ஐஎஸ்ஓ 250 போதும். (ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் போதாதபோது கேமரா படத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு, எண் ஏறினால் படம் கெடும்.) அதே 1/1000-ஐ முருங்கை நிழலில் கேட்டால் ஐஎஸ்ஓ 4000-க்குப் போகிறது. விடியற்காலை ஆறரைக்குக் குண்டுகரிச்சான் மதில் மேல் உட்கார்ந்து பாடுமே, கொல்லையிலேயே அதுதான் பெரிய பாட்டுக்காரன், அந்த நேரத்துக்கு 12800 ஆகிவிடும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குருணை. அப்போது நான் செய்வது, வேகத்தை 1/125-க்கு இறக்கிவிடுவது. பாடுகிற பறவை உடம்பை அசைக்காது, தொண்டைதான் துடிக்கும். ஐஎஸ்ஓ 1600-இலேயே நின்றுவிடும். கை நடுக்கத்தை லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஐந்தரை ஸ்டாப் வரை என்று நிறுவனம் சொல்கிறது. நான் அளந்து பார்த்ததில்லை, ஆனால் 400-இல் 1/125-இல் கையில் பிடித்து எடுத்த படத்தில் குண்டுகரிச்சானின் மீசை முடி எண்ண முடிகிறது.

கஷ்டம் என்னவென்றால் நம் பக்கத்துக்கு அழகான விருந்தாளிகள் வருகிற காலமும் வெளிச்சம் குறைகிற காலமும் ஒன்றுதான். புரட்டாசி கடைசியில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் வந்து சேரும். அடுத்தாற்போல் ஐப்பசி, கார்த்திகை மழை. இந்த லென்ஸ் மழைக்கும் தூசிக்கும் அடைப்பு வைத்துச் செய்தது இல்லை. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளுகிற வகை வேறு. சிமெண்ட் கலக்குகிற நாளில் நான் கொட்டகைப் பக்கமே கொண்டுபோவதில்லை. மழை நாளில் ஓலைச் சார்ப்புக்குக் கீழேயிருந்துதான் எடுக்கிறேன். எடுத்து முடித்ததும் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட மூடி இறுகிய டப்பாவுக்குள் வைத்துவிடுவேன். ஒருமுறை பூஞ்சையில் பணம் போனவன், அதனால் இதில் சோம்பல் படுவதில்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற மறைப்புக் குழல் (ஹுட்) லென்ஸ் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். வாங்கிவிடுங்கள், சாரல் கண்ணாடியில் படாமல் இருக்க அதுதான் காப்பு.

ஆறுமணிக்குருவியைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அப்பத்தா காலத்திலேயே எங்கள் வீட்டில் அந்தப் பேர்தான். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். பறவையியலில் இதைப் பாடும் பறவைகளோடு சேர்ப்பதில்லை, குரல் உறுப்பின் அமைப்பு வேறு என்கிறார்கள். எங்களுக்கு அந்த விசில் கேட்டால்தான் மழைக்காலம். போன ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. பட்டறை நிறுத்தியிருந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை தூறலாகி நின்றபோது மாதுளைக்குக் கீழே உதிர்ந்த சருகு ஒன்று தானாகப் புரண்டது. பார்த்தால் ஆறுமணிக்குருவி. காலால் சருகைத் தள்ளி மண்புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. நான் சார்ப்புக்குக் கீழே ஈரத் தரையில் குப்புறப் படுத்தேன். மேலிருந்து எடுத்தால் முதுகுப் பச்சை மட்டும்தான் கிடைக்கும், மண்ணோடு மண்ணாகக் கண் மட்டத்தில் இருந்தால்தான் முழுசும் கிடைக்கும்.

அது என் பக்கம் திரும்பி நின்றது. முதுகில் பச்சை, தோளில் நீலக்கல் பதித்த மாதிரி ஒரு பட்டை, தொண்டை வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, வயிறு முழுக்கச் சந்தனம், வால் அடியில் குங்குமம். நாங்கள் ஒரு கல்லில் ஐந்து கலருக்கு மேல் ஊற்றினால் கண்ணை உறுத்தும் என்போம். இதில் நான் ஆறு எண்ணினேன், ஒன்றும் உறுத்தவில்லை. வேகம் 1/60, எஃப்/8, ஐஎஸ்ஓ 6400. முழங்கையைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து நாற்பது படம். முப்பத்திரண்டு அசைந்துபோனது. எட்டு நின்றது. ஒன்றில் அலகில் மண்புழுவோடு, புழு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரோடு. அந்தப் படத்தில் குருணை உண்டு, மறைக்கவில்லை. பிரிண்ட் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இரண்டடி தள்ளி நின்றால் குருணை தெரியாது, பறவைதான் தெரியும். எஃப்/4 லென்ஸ் இருந்திருந்தால் ஐஎஸ்ஓ 1600-இல் முடிந்திருக்கும் என்பதும் உண்மை. அதன் விலைக்கும் எடைக்கும் என் வீட்டில் இடமில்லை.

யாருக்கு இந்த லென்ஸ் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்கு, வேட்டங்குடிச் சரணாலயத்துக்குத்தான் அடிக்கடி போவேன் என்கிறவர் இதை நம்பி வாங்க வேண்டாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. கண்மாய்க் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும், நாரையும் கொக்கும் உள்ளே தள்ளி மரத்தில் இருக்கும். நான் இதைக் கொண்டுபோய் எடுத்ததில் மரமும் தண்ணீரும் அழகாக வந்தன, பறவை சிறிசாகத்தான் இருந்தது. அங்கே 600 வேண்டும். அதே மாதிரி, கொல்லையில் வெயிலே விழாமல் நாலு பக்கமும் மாடிக் கட்டடம் சூழ்ந்திருந்தாலும் இது சிரமம்.

கொல்லை இருக்கிறது, காலை வெயில் விழுகிறது, நாலைந்து மீட்டருக்குள் ஒரு பூச்செடியும் ஒரு தண்ணீர்த் தாலமும் வைக்க முடியும் என்கிறவர் தயங்காமல் வாங்கலாம். லென்ஸுக்கு முன்னால் தாலத்தை வாங்குங்கள். ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். எந்தக் குரல் யாருடையது என்று தெரியாவிட்டால் மெர்லின் என்கிற செயலியைப் போனில் போட்டுக்கொள்ளலாம், காசில்லை. மகள் அதை வைத்துத்தான் மாம்பழச்சிட்டையும் வெண்புருவச் சின்னானையும் கண்டுபிடித்தாள். பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்புக்கும் அவள் கொல்லையிலிருந்தே பதினைந்து நிமிஷம் எண்ணிப் பட்டியல் போடுகிறாள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதே செயலியில் பறவைக் குரலும் இருக்கிறது. படம் எடுப்பதற்காக அதைச் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். இன்னொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும். கூடு கட்டுகிற மாதத்தில் கூட்டுப் பக்கம் லென்ஸைத் திருப்பவும் வேண்டாம். போன வருஷம் தேன்சிட்டு எங்கள் கொடிக் கம்பியிலேயே பை மாதிரிக் கூடு கட்டித் தொங்கவிட்டது. ஜன்னலுக்கு ரொம்பக் கிட்டம், படத்துக்கு அதைவிட வசதி கிடையாது. துணி காயப்போடும் இடத்தை மாற்றிக்கொண்டோம், அந்தப் பக்கத்து ஜன்னலை மூடினோம். குஞ்சு பறந்து போன பிறகு காலிக் கூட்டை மட்டும் ஒரு படம் எடுத்தேன். சிலந்தி நூலும் சருகும் வைத்துப் பின்னியிருந்தது, வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் கூட உண்டு.

இப்போது ஆவணி நடக்கிறது. ஊதாத் தேன்சிட்டின் ஆணுக்கு ஊதா உதிர ஆரம்பித்துவிட்டது. பெண்ணைப் போல மஞ்சளாகி, நெஞ்சு நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு மிச்சம் இருக்கிறது. சார்ப்பில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. விருந்தாளிகள் வருவதற்குள் கீற்று மாற்ற வேண்டும். ஆளுக்குச் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறார்.